வெள்ளிக்கிழமை ஒரு மணிச் சீட்டு

ஹெப்சிக்குப் பயந்த சுபாவம் என்பது எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். வேலூரில் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, வீட்டில் கேஸை மூடினோமா என்ற சந்தேகம் வந்து அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கித் திரும்பிப் போகிற பெண். எனக்குத் தெரிந்தே மூன்று தடவை அப்படிப் போயிருக்கிறாள். மூன்று தடவையும் கேஸ் மூடித்தான் இருந்தது. "இன்னைக்கு மூடி இருந்துச்சுண்ணா. நாளைக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்பாள். அவள் அம்மா ஆபரேஷன் தியேட்டரில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். தையல் போடுவதற்கு முன்னால் பஞ்சையும் கத்தரியையும் இரண்டு தடவை எண்ணிப் பழகிய கை. எண்ணுகிற பழக்கம் மகளுக்கு வந்தது, அம்மாவின் தைரியம்தான் வரவில்லை என்று நான் கேலி செய்வேன்.

என் பெயர் பரந்தாமன். ஊர் கணியம்பாடி. மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் இந்த டேனரியில் இருபத்திரண்டு வருஷமாக டெஸ்பேட்ச் கிளார்க். ஹெப்சி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் மேஜையும் என் மேஜையும் பக்கத்துப் பக்கத்தில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நடந்த விஷயத்தில் அந்த வாய்க்கும் பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோல் கழுவின தண்ணீரெல்லாம் ஆலைக்குப் பின்னால் இருக்கும் தொட்டிக்குப் போகும். அடியில் சேறு சேரும். அதை அள்ள ஒரு ஆள் ஏணி வைத்து உள்ளே இறங்கியாக வேண்டும். எங்களுக்கு சம்பத் இறங்குவார். பன்னிரண்டு வருஷமாக அவர்தான். தொட்டிக்குள் விஷவாயு இருந்தால் இறங்கின ஆள் ஏறமாட்டார். முதலில் அழுகின முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் அந்த நாற்றம்கூடத் தெரியாது, மூக்கு மரத்துவிடும். இந்தப் பக்கத்தில் எந்த டேனரியில் கேட்டாலும் இப்படிப் போனவர்கள் ஒன்றிரண்டு பேரைச் சொல்வார்கள்.

அதனால் ஒரு முறை உண்டு. லேபில் வேலை செய்யும் மஹ்பூபி, வாயு அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கிப் பார்ப்பாள். காலை பத்து மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டே காலுக்கு ஒரு தடவை. எண் பத்துக்கு மேல் போனால் யாரும் இறங்கக் கூடாது. கடைசியாக எடுத்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸிலிருந்து சம்பத்துக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் அவர் ஏணியில் கால் வைக்கமாட்டார். சீட்டு இருந்தால் யோசிக்காமல் வைப்பார்.

இந்த எண்களையெல்லாம் முதலில் நோட்டில் எழுதினோம். நோட்டு நனைந்து கூழாகிப் போனது. அப்புறம் லேப் கம்ப்யூட்டரில் போட்டோம். போன வருஷம் மழையில் இடி விழுந்து அந்த கம்ப்யூட்டரே கருகிவிட்டது. மூன்று வருஷத்துக் கணக்கும் அதோடு போனது. அடுத்த வாரமே இன்ஸ்பெக்‌ஷனுக்கு அதிகாரி வந்து உட்கார்ந்தார். எங்கள் மேனேஜர் முஜாஹித் பாய் அவர் முன்னால் கைகட்டி நின்றதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. அவர் போன பிறகு பாய் ஹெப்சியைக் கூப்பிட்டார்.

"ஒரே மெஷின்ல வெக்கிற பேஜாரே வேணாம்மா. ஒண்ணு எரிஞ்சா இன்னொண்ணுல இருக்கணும். நெட்டை நம்பி வெளியில எங்கயும் வெக்காத. நம்ம ஊர்ல அது பாதி நாள் வர்றதில்ல."

அன்றிலிருந்து ஹெப்சிக்குத் தூக்கம் போனது. எங்கெங்கோ தேடி ஒரு சின்ன டேட்டாபேஸ் மென்பொருளைக் கண்டுபிடித்தாள். பெரிய கம்பெனிக்காரர்கள் வைப்பது போல ரூம் நிறைய மெஷின் கேட்கிற சாமான் இல்லை. நெட்டிலிருந்து இறக்கினால் ஒரே ஒரு ஃபைல். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஓட ஆரம்பித்துவிடும். மூன்று பழைய கம்ப்யூட்டர்களில் அதை ஓடவிட்டு, ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைத்தால் போதும். எதில் எழுதினாலும் மூன்றுக்கும் போய்ச் சேரும். ஆபீஸில் தன் மேஜையில் ஒன்று, லேபில் ஒன்று, தொட்டிப் பக்கத்து ஷெட்டில் ஒன்று என்று வைத்தாள்.

சொல்வது சுலபம். முதல் கம்ப்யூட்டர் ஓடியது. இரண்டாவது வந்து சேரமாட்டேன் என்றது. இரண்டு நாள் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பார்த்தால், 'எந்த மெஷினோடு சேர வேண்டும்' என்று கேட்கிற இடத்தில் இவள் அந்த இரண்டாவது மெஷினின் சொந்த முகவரியையே கொடுத்திருந்தாள். அது பாவம், இரண்டு நாளாகத் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் ஸ்டோர்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இதே தப்பு ஓட ஆரம்பிச்ச பிறகு நடந்திருந்தா?" என்றாள்.

மூன்றும் சேர்ந்த அன்று எனக்கு விளக்கிச் சொன்னாள். மூன்றில் ஒன்றை அவை தாங்களாகவே தலைவராக வைத்துக்கொள்ளும். எழுதுவதென்றால் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துக்கொள்ள வேண்டும்.

"எங்க சர்ச்ல பாஸ்டரேட் கமிட்டி இருக்குதில்லண்ணா, அதே மாதிரி. பாதிக்கு மேல ஆள் வரலைன்னா தீர்மானம் போட முடியாது. தனியா உட்கார்ந்திருக்கிற ஒருத்தரு எதையும் முடிவு பண்ணக் கூடாது."

"எங்க ஊர் பஞ்சாயத்துல ஒருத்தரே முடிவு பண்றாரும்மா" என்றேன்.

"அதான் உங்க ஊர்ல ரோடு இல்ல" என்றாள். அபூர்வமாக அவளும் வாயைத் திறப்பாள்.

லேப் மெஷினின் வயரைப் பிடுங்கிக் காட்டினாள். மற்ற இரண்டும் எதுவும் நடக்காத மாதிரி ஓடின. திரும்பச் செருகியதும், விட்டுப்போனதை லேப் மெஷின் வாங்கி நிரப்பிக்கொண்டது. முஜாஹித் பாய்க்கு ரொம்பத் திருப்தி. மூன்று திரையிலும் எண், எடுத்த நேரம், இறங்கலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு. இனிமேல் மஹ்பூபி நடந்து வந்து சொல்ல வேண்டியதில்லை, லேபில் போட்டால் போதும்.

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு ஜும்மா தொழுகைக்காக ஆலையே நிற்கும். தோல் ஊறும் டிரம் எதுவும் சுற்றாது, தொட்டிக்குத் தண்ணீர் வராது. சேறு அள்ள அதுதான் வாகான நேரம் என்பதால் சம்பத் எப்போதும் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குத்தான் இறங்குவார். அதே நேரத்தில் வாட்ச்மேன் ஆதிகேசவன் ஆலைப் பக்கத்து மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுவார். ஆள் இல்லாத இடத்தில் கரண்ட் இருக்கக் கூடாது என்பது பழைய முதலாளி காலத்து உத்தரவு. ஆபீஸுக்கு மட்டும் தனி லைன். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஹெப்சிக்கும் தெரியும். கம்ப்யூட்டர்களை எங்கே வைப்பது என்று யோசித்தபோது ஒருவருக்கும் இது ஞாபகம் வரவில்லை.

லேப் மெஷினும் ஷெட் மெஷினும் ஒரே நேரத்தில் அணைந்தன. ஆபீஸ் மெஷின் தனியாக நின்றது. திரையில் எண்ணும் இல்லை, பச்சையும் இல்லை. 'தலைவர் இல்லை' என்று ஒரே ஒரு வரி. சீட்டுக் கொடுக்க முடியவில்லை. சம்பத் ஜன்னலுக்கு வெளியே இரண்டு மணி வரை நின்றுவிட்டுப் போனார். சேறு அப்படியே கிடந்தது.

நான் சும்மா இருந்தேனா? "இன்னாம்மா, உன் மெஷினும் ஜும்மாவுக்குப் போய்டுச்சா?" என்றேன். ஆபீஸே சிரித்தது. அடுத்த வெள்ளியும் அதே கதை. அதே கேலியை நான் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். முஜாஹித் பாய் முகத்தில் சிரிப்பு இல்லை. "தொட்டி நெறைஞ்சு வழியுது ஹெப்சி. எதாச்சும் பண்ணு" என்றார். இரண்டு மெஷினுக்கும் பேட்டரி வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அப்போதுதான் அவள் ஒரு வரியை மாற்றினாள். தலைவரைக் கேட்காதே, தனியாக இருந்தாலும் உன் கையில் இருப்பதைக் காட்டு என்று ஆபீஸ் மெஷினுக்குச் சொல்லிவைத்தாள். அப்படிக் காட்டுவது பழசாக இருக்கலாம் என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருந்ததாம். அதையும் என்னிடம் சொன்னாள். "ஆனா மெயின் இறங்கற வரைக்கும் மூணும் பேசிக்கிட்டுத்தானே இருக்குது? பன்னெண்டே காலுக்கு மஹ்பூபி போடறது நம்மகிட்ட வந்துடும். சரிதானண்ணா?" என்று நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் சரி சரி என்றேன். எனக்கு அதில் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. நச்சரிப்பு நின்றால் போதும் என்றிருந்தது.

ஒன்பது வெள்ளிக்கிழமை ஒரு குறையும் இல்லை. கேலி செய்ய எனக்கு வேறு விஷயம் கிடைத்தது.

பத்தாவது வெள்ளிக்கிழமை பெங்களூருக்குப் போகிற வண்டி வாசலில் நின்றது. ஜும்மாவுக்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும், வண்டிக்கான பில்லை நெட்டில் போட வேண்டும். என் மேஜைக்கு வருகிற கேபிள் வேலை செய்யவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஹெப்சியின் கம்ப்யூட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கி என்னுடையதில் செருகினேன். அவள் அப்போது ஸ்டோர்ஸில் ஏதோ பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பில் போட்டு, வண்டியை அனுப்பி, டிரைவரோடு டீ குடித்துவிட்டு வந்து கேபிளைத் திரும்பச் செருகும்போது ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. மெயின் இறங்கிவிட்டிருந்தது. எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள்.

முஜாஹித் பாய் இல்லாத நேரத்தில் சீட்டில் கையெழுத்துப் போடுவது நான்தான். சம்பத் ஜன்னலுக்கு வந்தார்.

"இன்னாண்ணா, எறங்கலாமா?"

திரையைப் பார்த்தேன். நான்கு. பச்சை. பக்கத்தில் நேரம் பத்து ஐந்து என்றிருந்தது. அதைச் சீட்டில் அப்படியே எழுதினேனே தவிர, என்ன நேரம் என்று படிக்கவில்லை. பச்சையைத்தான் பார்த்தேன். சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஹெப்சி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தாள். வந்தால் சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். அவளுடைய வேலையே இல்லை அது.

"இன்னாண்ணா, பத்து அஞ்சுன்னு எழுதி இருக்கீங்க?"

"திரையில அதான் இருந்துச்சு."

"பன்னெண்டே கால் எங்க?"

எனக்கு அப்போதுகூட ஒன்றும் உறைக்கவில்லை. "அந்தப் பொண்ணு எடுக்க மறந்திருப்பா" என்றேன். ஹெப்சி கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். நான் அவசரத்தில் செருகின கேபிள் கோணலாக நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"கேபிளைப் புடுங்கினீங்களா?"

"கொஞ்ச நேரந்தாம்மா. பன்னெண்டு மணிக்கு. வண்டிக்கு பில்..."

நான் முடிப்பதற்குள் மஹ்பூபிக்கு போன் போட்டுவிட்டாள். மஹ்பூபி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரல் எனக்கும் கேட்டது.

"அரே, முப்பத்தெட்டு! இறங்கக் கூடாதுன்னு போட்டேனே. மெஷின் ஏத்துக்கிச்சே ஹெப்சி. ஏன், இன்னா ஆச்சு?"

ஏற்றுக்கொள்ளத்தான் செய்யும். லேபும் ஷெட்டும் இரண்டு பேர், மூன்றில் பாதிக்கு மேல். ஆபீஸ் மட்டும் கூட்டத்துக்கு வராத ஆள். அவர்கள் இரண்டு பேரும் சிவப்பு என்று முடிவு செய்துவிட்டுத்தான் கரண்ட் போய் அணைந்திருக்கிறார்கள். காலையில் கேட்ட சேதியை வைத்துக்கொண்டு நாங்கள் இங்கே பச்சை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இதெல்லாம் பிறகு யோசித்தது.

ஹெப்சி போனை மேஜைமேல் போட்டுவிட்டு ஓடினாள். ஓடிக்கொண்டே சம்பத்தின் பெயரைக் கத்தினாள். நானும் ஓடினேன். ஐம்பத்து நாலு வயது, முட்டி வலி, ஈரத் தரை. டிரம் ஷெட்டுக்குள் வெளிச்சமே இல்லை. எந்நேரமும் கடகடவென்று சுற்றும் டிரம்கள் நின்று கிடந்தன, அதனால் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. சம்பத்தின் போன் சட்டைப் பையில் இருக்கும், சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டுத்தான் அவர் இறங்குவார், ஆகவே போன் போட்டும் பயனில்லை என்று மனசு கணக்குப் போட்டது. சீட்டுக் கொடுத்து எத்தனை நிமிஷம்? பத்தா, பன்னிரண்டா? அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. தாயே அங்காளம்மா, இன்னும் அந்த ஆள் கயிறு கட்டிக்கொண்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஹெப்சி தொட்டி விளிம்பில் மண்டியிட்டிருந்தாள். சம்பத் இடுப்பு வரைக்கும் உள்ளே இருந்தார். அவருடைய பனியனை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பக்கத்தில் கயிறு பிடிக்க நின்ற அவருடைய மச்சான் ஒன்றும் புரியாமல் முழித்தார்.

"வுடுங்க மேடம், கிழியுது. இன்னா ஆச்சு?"

"ஏறுங்க. முதல்ல ஏறுங்க. ஏறுங்கண்ணா!"

"சீட்டு வாங்கிட்டேன் மேடம். அவருதான் குடுத்தாரு" என்று என்னைக் காட்டினார்.

"ஏறுய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் ஏறினார். ஏறி நின்று இரண்டு தடவை இருமினார். கண் சிவந்திருந்தது. இன்னும் நாலு படி இறங்கியிருந்தால் என்று நினைத்தபடியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஹெப்சி அவருடைய பனியனை விடவே இல்லை. அவர்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

மஹ்பூபி பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஸ்கூட்டியில் வந்தாள். லேபைத் திறந்து மீட்டரைக் கொண்டுவந்து தொட்டிக்குள் இறக்கினாள். ஒரு ஆள் உயரத்துக்குக்கூடப் போகவில்லை, அது கத்த ஆரம்பித்தது. ஐம்பத்தொன்று. சம்பத் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார்.

"சீட்டுல நாலுன்னுதானே போட்டிருந்துச்சு?"

"அது பழசுண்ணா" என்றாள் ஹெப்சி. "பழசைக் காட்டற மாதிரி மாத்தி வெச்சது நான்தான். தெரியலைன்னு சொல்லிட்டிருந்த மெஷினை நான்தான் மாத்தினேன்."

முஜாஹித் பாய் தொழுகை முடிந்து வந்ததும் அவரிடமும் அப்படியே சொன்னாள். பேட்டரி வராததைப் பற்றிச் சொல்லவில்லை. கேபிளைப் பற்றியும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், இன்னும் நாலு வருஷம். இருபத்திரண்டு வருஷமாக ஓயாத வாய் அன்று திறக்கவில்லை. மாலையில் அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று பத்து நாளில் எழுதித் தர வேண்டும்.

வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்த ஒரு வரியை அவள் பழையபடி மாற்றினாள். 'தலைவர் இல்லை' என்றால் நம் ஆட்களுக்குப் புரியவில்லை என்று, 'தெரியாது, சீட்டுக் கொடுக்காதீர்கள்' என்று பெரிய எழுத்தில் வரும்படி செய்தாள். அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை லேபுக்கும் ஷெட்டுக்கும் பேட்டரி வந்து பெட்டியில் கிடந்தது, மாட்ட ஆள் வரவில்லை. மதியம் மெயின் இறங்கியது. ஒரு மணிக்கு சம்பத் ஜன்னலுக்கு வந்தார். ஹெப்சி தன் மேஜையில் மெமோவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள், எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தாள்.

"இன்னாண்ணா சொல்லுது?" என்றார் சம்பத்.

"தெரியாதுன்னு சொல்லுது."

"சரி. கரண்ட் வர்ற வரைக்கும் உக்கார்றேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். கோபம் ஒன்றும் இல்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டார்.

"போன வாரமும் இதையே சொல்லி இருக்கலாமேண்ணா. எனக்கு இன்னா, உக்கார்ந்திருப்பேன்."

ஹெப்சியின் பேனா நின்றது. அவள் தலை நிமிரவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

நான் எழுந்து வெளியே போய் வாசலில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அரை மணி நேரம் கழித்து முஜாஹித் பாய் தொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி வந்தார். என்ன பரந்தாமன் இங்கே என்று அவர் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்குக் கேபிளைப் புடுங்கினது நான்தான் பாய். நேரத்தைப் படிக்காம கையெழுத்துப் போட்டதும் நான்தான். மெமோவை என் பேருக்கு மாத்துங்க."